இடம் மாறிய உயிர்: லைகோகலாவின் வகைப்பாட்டு வரலாறு

மழைக்குப்பின் பட்டுப்போன மரங்களின்மீது பட்டாணியளவில் இளஞ்சிவப்பு உருண்டைகள் தோன்றுவதுண்டு. அழுத்தினால் பசைபோன்ற நீர்மம் வெளிப்படும். முதிர்ந்தபின் அவை பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ மாறும். உள்ளிருந்த பசை நுண்ணிய வித்துத்தூளாகி, உச்சியில் திறக்கும் துளைவழியே பரவும். இதுவே லைகோகலா என்னும் சளிப்பூஞ்சைப் பேரினம். பல வித்துக்கூடுகள் ஒன்றாய் இணைந்த திரளும், வித்துகளிடையே கிடக்கும் குழல்போன்ற போலியிழைகளும் இதன் சிறப்பியல்புகளாம். கிரேக்க மொழியில் இப்பெயர் ‘ஓநாய்ப் பால்’ எனப் பொருள்படும்.

1654ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் தாமஸ் பாங்கோவ் தம் மூலிகை நூலில் இதனை வரைந்து, விரைந்து வளரும் காளான் எனக் குறித்தார். 1753இல் லின்னேயஸ், முதிர்ந்ததும் தூளைக் கக்கும் உருண்டைக் காளான்களின் பேரினமாகிய லைகோபெர்டானில் இதனைச் சேர்த்தார். புறத்தோற்றம் ஒத்திருந்தமையே அதற்குக் காரணம். 1763இல் பிரெஞ்சு அறிஞர் அதான்சன் லைகோகலாவைத் தனிப் பேரினமாக்கினார். 1829இல் சுவீடன் நாட்டுப் ஃபிரீஸ் சளிப்பூஞ்சைகளைத் தனிக்குழுவாகப் பிரித்தாரேனும், காளான்களுக்குள்ளேயே அக்குழுவை வைத்தார்.

திருப்பம் 1859இல் நேர்ந்தது. ஜெர்மானியத் தாவரவியலறிஞர் ஆன்டன் டி பாரி, சளிப்பூஞ்சை வித்துகள் முளைப்பதை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். காளானின் வித்து முளைத்தால் இழை தோன்றும். இவற்றிலிருந்தோ அமீபாவைப்போல் நகரும் உயிரணுக்கள் வெளிவந்தன. ஆதலின் இவற்றை விலங்குகளின் பக்கம் சேர்த்து, ‘பூஞ்சை விலங்குகள்’ எனப் பொருள்படும் பெயரிட்டார். அவர்தம் மாணவரான போலந்து நாட்டு ரோஸ்டாபின்ஸ்கி 1873 முதல் இவ்வுயிர்களை முறைப்பட வகுத்து நூல் செய்தார். இங்கிலாந்தின் ஆர்தர் லிஸ்டர் 1894இல் வெளியிட்ட நூலை அவர்தம் மகள் குலியெல்மா 1911இலும் 1925இலும் திருத்திப் பதிப்பித்தார்.

இன்றைய மரபணு ஆய்வு, இவை தாவரமுமல்ல, விலங்குமல்ல, பூஞ்சையுமல்ல எனக் காட்டி, அமீபாக்களின் பெருங்குழுவில் வைத்துள்ளது. ஒரே சிற்றினமாகக் கருதப்பட்ட லைகோகலா எபிடென்ட்ரமும் பல சிற்றினங்களின் தொகுதியெனத் தெரியவந்துள்ளது.

இத்தனை காலத்திலும் அவ்வுயிர் மாறவில்லை. அதனை நோக்கிய முறையே மாறியது. உருவொற்றுமை உறவொற்றுமையாகாது என்பதே இவ்வரலாறு தரும் பாடம். எனவே, வகுப்பறையில் உயிரினப் பட்டியலை மனப்பாடம் செய்விப்பதோடு ஆசிரியர் அமைதல் கூடாது. ‘எதனைக் கண்டு இவ்வாறு வகுத்தனர்?’ எனக் கேட்க மாணவரைப் பழக்குதல் வேண்டும். டி பாரியின் ஆய்வும் அத்தகைய வினாவிலிருந்தே பிறந்தது.