பூனைகளுக்கு நஞ்சாகும் தோட்டத் தாவரங்கள்

பூனைகளுக்கு நஞ்சாகும் தோட்டத் தாவரங்கள் என்பவை, அழகுக்காகவோ பூசைக்காகவோ வீடுகளில் வளர்க்கப்பட்டு, பூனைகள் தின்றால் அவற்றுக்கு நோயையோ இறப்பையோ விளைவிக்கும் செடி, கொடிகளாகும். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளும், பூசைக்குரிய அரளியும் இவற்றுள் அடங்கும். சென்னையின் மேற்குப் புறநகர்களான குமணன்சாவடி, பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர் போன்ற இடங்களில் வீட்டுத் தோட்டமும் மாடித் தோட்டமும் வைத்திருப்போர் அறிந்திருக்க வேண்டிய செடிகள் இவை.

பூனைகள் ஏன் பாதிக்கப்படுகின்றன?

பூனை ஓர் ஊனுண்ணி. எனினும் புல்லையும் இலையையும் கடிக்கும் இயல்பு அதற்கு உண்டு. மேலும், அது தன் உடலை நாவால் நக்கித் தூய்மை செய்யும். ஆகவே, செடியைக் கடிக்காவிட்டாலும் மயிரில் ஒட்டிய மகரந்தமும் சாறும் வயிற்றுக்குள் சென்றுவிடுகின்றன. சில வேதிப்பொருள்களைக் கல்லீரலில் குளுக்குரோனிக் அமிலத்துடன் இணைத்து வெளியேற்றும் திறனும் பூனைகளுக்குக் குறைவு. மனிதருக்குப் பழக்கமான பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்வதற்கு இதுவே காரணம்.

பெயர்க் குழப்பம்

"லில்லி" என்னும் பெயரில் விற்கப்படும் செடிகள் பலவும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. அவற்றின் நஞ்சும் வேறு வேறு.

* மெய்யான லில்லி (லிலியம் பேரினம்), பகல் லில்லி (ஹெமரோகாலிஸ்): பூனையின் சிறுநீரகத்தை அழிப்பவை. இலை, பூ, மகரந்தம் மட்டுமன்றி, பூச்சாடியில் உள்ள நீரும் ஆபத்தானது. இதே லில்லி நாய்களில் சிறுநீரகச் செயலிழப்பை உண்டாக்குவதில்லை. நச்சுப் பொருள் எது என்பது இதுவரை கண்டறியப்படவில்லை.
* செங்காந்தள்: கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு எனவும் வழங்கும். இதில் உள்ள கோல்ச்சிசின் உயிரணுப் பிரிவைத் தடுத்து, குடலையும் எலும்பு மச்சையையும் தாக்கும். கிழங்கிலும் விதையிலும் நஞ்சு மிகுதி. மருந்துத் தேவைக்காகத் தமிழ்நாட்டில் இது பயிரிடவும்படுகிறது.
* பீஸ் லில்லி: வாயையும் தொண்டையையும் எரியச் செய்யும். சிறுநீரகத்தைத் தாக்குவதில்லை.

பிற நச்சுத் தாவரங்கள்

* அரளி, மஞ்சள் அரளி: இவற்றின் எல்லாப் பகுதிகளிலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் கிளைக்கோசைடுகள் உள்ளன. 2024 மே மாதத்தில் கேரளத்தின் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம், நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவைப் பயன்படுத்துவதை நிறுத்தியது.
* எருக்கு, ரணகள்ளி: இவையும் இதயத்தைத் தாக்கும்.
* சைக்கஸ்: பனை போலத் தோன்றினும் பனையன்று. இதிலுள்ள சைக்கசின் கல்லீரலை அழிக்கும். விதையே மிகக் கொடியது.
* ஆமணக்கு, குன்றிமணி: இவற்றின் விதைகளில் முறையே ரிசின், ஏப்ரின் என்னும் நச்சுப் புரதங்கள் உள்ளன. ரிசின் எண்ணெயில் கரையாது; புண்ணாக்கில் தங்கிவிடும். எனவே பதப்படுத்தாத ஆமணக்குப் புண்ணாக்கை உரமாக இடும் தொட்டியும் ஆபத்தே.
* மணி பிளாண்ட், டிஃபன்பாக்கியா, சேம்பு: ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட்டுப் படிகங்களால் வாய் வீங்கி எச்சில் ஒழுகும். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை.

அறிகுறிகளும் காலமும்

வாந்தி, எச்சில் வடிதல், உணவை மறுத்தல், சோர்வு, நடுக்கம் ஆகியன பொதுவான அறிகுறிகள். லில்லி நஞ்சில் ஏமாற்றக்கூடிய ஓர் இடைவேளை உண்டு. முதல் சில மணி நேரத்தில் தோன்றும் வாந்தி பிறகு அடங்கி, பூனை தேறிவிட்டது போலத் தெரியும். ஆனால் 24 முதல் 72 மணி நேரத்திற்குள் சிறுநீரகம் செயலிழக்கத் தொடங்கும். சுமார் 18 மணி நேரத்திற்குள் நரம்பு வழி நீர்மம் ஏற்றத் தொடங்கினால் பிழைக்கும் வாய்ப்பு நன்று. அதற்குமேல் காலம் தாழ்த்தினால் வாய்ப்பு மிகவும் குறையும். ஆகவே அறிகுறிக்காகக் காத்திருத்தல் கூடாது.

முதலுதவி

1. வாயிலும் மயிரிலும் ஒட்டியுள்ளவற்றை ஈரத்துணியால் துடைத்து, பூனை மேலும் நக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.
2. உப்பு நீர், எண்ணெய், பால், மனித மருந்து எதையும் புகட்டக் கூடாது. வீட்டில் வாந்தி எடுக்கச் செய்யவும் கூடாது.
3. செடியின் ஒரு கிளையையோ ஒளிப்படத்தையோ எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் விரைய வேண்டும். எந்தச் செடி என்பதே சிகிச்சையைத் தீர்மானிக்கும்.

குமணன்சாவடி வழியே செல்லும் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் கிழக்கே சுமார் 20 கி.மீ. சென்றால், வேப்பேரியிலுள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை அடையலாம். 1903 இல் தொடங்கப்பட்ட இக்கல்லூரி, 1989 முதல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் அங்கமாக உள்ளது. அருகில் வேறு மருத்துவர் இருப்பின் முதலில் அவரை நாடுதலே நன்று.

தடுப்பு முறைகள்

பூனை எளிதாக ஏறும் என்பதால், தொட்டியை உயரத்தில் வைப்பது போதிய காப்பன்று. லில்லி, சைக்கஸ் ஆகியவற்றைப் பூனையுள்ள வீட்டில் வளர்க்காமல் இருப்பதே உறுதியான வழி. பூசைக்கு அரளி தேவைப்படுவோர் அதனைப் பூனை புகாத வலைக்குள் வளர்த்து, கவாத்து செய்த கிளைகளையும் வாடிய மாலைகளையும் உடனே அகற்ற வேண்டும். மல்லிகை, ரோஜா, சூரியகாந்தி, அரிக்கா பனை ஆகியன பூனைக்கு நஞ்சற்றவை. ஒரு தொட்டியில் அருகம்புல்லை வளர்த்து வைத்தால், பூனையின் புல் மேயும் விருப்பமும் நிறைவேறும்.