சதுரங்கத்துக்கு முதல் வாத்தியார் யார்?

நம்ம வீட்டுப் பிள்ளை செஸ் போர்டைத் தூக்கிக்கொண்டு பில்டிங் காம்பவுண்டுக்குப் போனால், முதல் குழப்பம் ஆட்டத்தில் வராது, பெயரில்தான் வரும். வீட்டில் 'மந்திரி' என்று அப்பா சொல்லிக்கொடுத்தது பிஷப்பை. கீழே விளையாட வரும் மராட்டிப் பையன் அதே காயை 'உண்ட்' என்பான், அதாவது ஒட்டகம். சரி, 'வஜீர்' என்றால் மந்திரிதானே என்று கேட்டால், அவன் விரல் ராணியைக் காட்டும். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் வளரும் பிள்ளைகள் இதையெல்லாம் ரெண்டே நாளில் சமாளித்துவிடுவார்கள். பெரியவர்கள்தான் "எது சரி?" என்று சண்டை போடுவோம் :-)

அந்த மராட்டிப் பையன் சொல்வது பழைய வழக்கம். ஆதியில் ராஜா பக்கத்தில் நின்றது ராணி இல்லை, மந்திரி. மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம் நகரக்கூடிய சாதாரணக் காய். ஐரோப்பாவுக்குப் போன பிறகுதான் அது ராணியானது. இன்று நாம் பார்க்கும் வேகம் அதற்கு 15-ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் வந்தது. ஆட்டம் கடல் கடந்து போய் மாறி, திரும்பி வந்தது. இங்கேயோ பழைய பெயரும் பழைய விதிகளும் வீடுகளில் அப்படியே இருந்தன.

இந்த இரண்டையும் இணைக்கப் பார்த்த ஒரு பழைய புத்தகம் நம்ம பம்பாயில்தான் அச்சானது. ஆண்டு 1814. எழுதியவர் திருவேங்கடாசார்ய சாஸ்திரி, தென்னாட்டுப் பண்டிதர். வடமொழியில் எழுதியதன் ஆங்கில மொழிபெயர்ப்பு அது. ஐரோப்பிய முறைக்குப் பொருத்தியது என்றும், கற்பவர் தேறவும் நினைவாற்றலுக்குப் பயிற்சி கொடுக்கவும் உதவும் ஆட்ட நிலைகள் கொண்டது என்றும் அதன் நீளமான தலைப்பே சொல்லிவிடுகிறது. இன்றைக்குக் குழந்தைகள் கையில் கொடுக்கும் 'இரண்டே நகர்வில் மேட்' புத்தகங்களுக்கு இது கொள்ளுத்தாத்தா முறை வேண்டும்.

ஆனால் புத்தகம் வந்ததால் வீட்டு விதி மாறிவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டிலும் பல இடங்களில் இந்திய முறைதான். சிப்பாய்க்கு முதல் நகர்விலும் ஒரே கட்டம்தான். காஸ்லிங் கிடையாது, ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி தாவலாம். பஞ்சாபைச் சேர்ந்த மிர் சுல்தான் கான் சிறுவயதில் அப்பாவிடம் கற்றது இந்த ஆட்டத்தைத்தான். பெரியவரான பிறகு ஐரோப்பிய விதிகளைப் புதிதாகப் பழகி 1929, 1932, 1933 என்று மூன்று தடவை பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். அப்பா சொல்லிக்கொடுத்த விதிகள் வேறு என்பதால் அவர் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. எதிரே உட்கார ஒரு ஆள் இருந்தார் என்பதுதான் முக்கியம்.

இதைத்தான் இந்தப் பதிவில் சொல்ல வருகிறேன். நம் நாட்டின் சதுரங்க வரலாற்றைப் புரட்டினால் ஒரு வரிசை தெரிகிறது. முதலில் வீட்டில் ஒரு ஆள். அடுத்து பல வயதுக்காரர்கள் கூடும் ஒரு இடம். கோச், போட்டி, புள்ளி எல்லாம் அதற்கப்புறம். நாம் இப்போது இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் பம்பாயையே பார்ப்போம். 'நவாகாள்' பத்திரிகை ஆசிரியர் நீல்கண்ட் காடில்கரின் வீட்டில் வசந்தி, ஜெயஸ்ரீ, ரோகிணி என்று மூன்று பெண்கள். மூன்று பேரும் சதுரங்கம் ஆடினார்கள். பெண்களுக்கான முதல் தேசியப் போட்டி 1974-இல் நடந்தபோது பட்டம் வசந்திக்கு. தொடர்ந்து பல வருடம் அது தங்கைகளிடமே சுற்றிக்கொண்டிருந்தது. 1976-இல் 13 வயது ரோகிணி ஆண்கள் தேசியப் போட்டியிலும் ஆட, பெரிய ரகளை. விஷயம் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் பெண்களைத் தடுக்கக் கூடாது என்று உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் தலைவர் மாக்ஸ் யூவே தீர்ப்புச் சொன்னார். அக்கா தங்கையே எதிராளி என்றால் பிராக்டிஸுக்கு வெளியே ஆள் தேட வேண்டியதில்லை, பாருங்கள்.

அடுத்தது நம்மைப் போலவே ஊர்விட்டு ஊர் போன ஒரு தமிழ்க் குடும்பம். விஸ்வநாதன் ஆனந்த் 1969-இல் மயிலாடுதுறையில் பிறந்தவர். ஆறு வயதில் ஆட்டம் கற்றுக்கொடுத்தது அம்மா சுசீலா. 1978 வாக்கில் அப்பாவின் ரயில்வே வேலைக்காகக் குடும்பம் மணிலா போனது. அங்கே டிவியில் பகல் நேரத்தில் ஒரு செஸ் நிகழ்ச்சி வரும். பையன் பள்ளிக்கூடத்தில் இருப்பான். அம்மா அன்றைய புதிரைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வார். சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள். பரிசு ஒரு புத்தகம். இவனே ஜெயித்துக்கொண்டிருந்ததால், வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொண்டு இனி விடை அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்களாம்! அந்த அம்மா சாம்பியன் இல்லை. புதிய ஊரில், பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை ஒரு கேள்வியைப் பத்திரமாக வைத்திருந்தார், அவ்வளவுதான்.

சென்னையில் அவருக்குக் கிடைத்த 'இடம்', சோவியத் கலாசார மையத்தில் 1972-இல் தொடங்கிய தால் செஸ் கிளப். ரிகாவில் பிறந்த முன்னாள் உலகச் சாம்பியன் மிகயில் தாலின் பெயர் அதற்கு. இதற்குப் பின்னால் இருந்தவர் மானுவல் ஆரோன், 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனவர். இவரும் ஊர் மாறி வந்தவர்தான், பிறந்தது பர்மாவில். 1962-இல் ஸ்டாக்ஹோம் போட்டியில் கடைசி இடம் பிடித்தார். அதே போட்டியில் போர்டிஷ், ஊல்மன் என்ற இரண்டு பெரிய தலைகளைச் சாய்க்கவும் செய்தார். தோற்றுப்போன பிள்ளை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

தால் கிளப்பில் மின்னல் ஆட்டம்தான் விசேஷம். ஜெயித்தவர் பலகையிலேயே இருப்பார். தோற்றவர் எழுந்துபோய் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். வயது வித்தியாசம் பார்க்காத வரிசை. ஒரு சிறுவன் ஒரே மாலையில் பத்துத் தடவை தோற்றாலும் எங்கேயும் பதிவாகாது. உலகத் தரவரிசைப் பட்டியலில் பெயர் வரவே அன்று 2200 புள்ளி அளவு வேண்டும், அதனால் குழந்தைகளுக்குப் புள்ளியே கிடையாது. 2012-இல் அந்த எல்லை 1000 வரை இறங்கியது, 2024-இல் மறுபடி 1400-க்கு ஏறியது. நடுவில் ஒரு தலைமுறைக் குழந்தைகளுக்கு, பல் விழுந்து முளைக்கும் வயதிலேயே தலைமேல் ஒரு எண். தோற்றால் எண் குறையும். எண் குறைந்தால் வீட்டில் முகம் மாறும். தால் கிளப்பில் கிடைத்த அந்தச் சுதந்திரம், கணக்கில் வராமல் தோற்கும் சுதந்திரம், இவர்களுக்கு எங்கே கிடைக்கும்?

சமீபத்திய கதைகளும் இதே வரிசைதான். சென்னையில் வைஷாலியை செஸ் வகுப்பில் விட்டதே டிவி பார்ப்பதைக் குறைக்கத்தான். அக்காவைப் பார்த்துத் தம்பி பிரக்ஞானந்தா பலகைக்கு வந்தான். 2018-இல் தம்பி கிராண்ட்மாஸ்டர். 2023 டிசம்பரில் அக்கா 2500 புள்ளியைத் தாண்ட, உலகத்திலேயே முதல் அக்கா-தம்பி கிராண்ட்மாஸ்டர் ஜோடி ஆனார்கள். குகேஷ் ஏழு வயதில் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டான். அதே 2013-இல் சென்னையில் ஆனந்தும் கார்ல்சனும் மோதியதைப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பார்த்தான். 2024 டிசம்பரில், 18 வயதில், சிங்கப்பூரில் உலகச் சாம்பியன். அதற்குக் குடும்பம் கொடுத்த விலை பெரியது. டாக்டரான அப்பா தன் தொழிலை நிறுத்திவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போனார். ஆனால் அந்த முடிவு, பிள்ளையின் பிடிப்பு என்ன என்று நன்றாகத் தெரிந்த பிறகு எடுத்தது. முதல் மாதமே எடுத்ததில்லை.

"செஸ் ஆடினால் கணக்கு நன்றாக வருமே" என்று வகுப்பில் சேர்ப்பவர்களுக்கு ஒரு தகவல். இங்கிலாந்தில் 100 பள்ளிகளில் ஒரு பெரிய சோதனை செய்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். 30 மணி நேரம் செஸ் கற்ற பிள்ளைகளும் கற்காதவர்களும் ஒரு வருடம் கழித்து எழுதிய கணக்குத் தேர்வில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஆகவே கணக்குக்காக வேண்டாம். ஆட்டத்துக்காகவே ஆடட்டும்.

தாராவியின் பத்துக்குப் பத்து அறையிலும் ஒரு பலகைக்கு இடம் உண்டு. கிரிக்கெட் மாதிரி மைதானம் வேண்டாம். இந்தியும் மராட்டியும் சரியாக வராத தாத்தாவும் ஆடலாம். அவர் பழைய விதியில் ராஜாவைத் தாவவிட்டால் விட்டுவிடுங்கள், போட்டி விதியை ஒரே மாலையில் திருத்திக்கொள்ளலாம். மாதச் சம்பளத்தில் கோச்சுக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள், அதற்கு முன்னால் ஒரு ஆறு மாதம் இதைச் செய்து பாருங்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு ஆட்டம் நீங்கள். ஞாயிற்றுக்கிழமை பில்டிங் பிள்ளைகள் எல்லோரும், ஜெயித்தவர் உட்கார, தோற்றவர் வரிசைக்கு. அதற்கப்புறமும் பிள்ளை பலகையை விடவில்லை என்றால் கோச்சைத் தேடலாம்.

உங்கள் வீட்டில் அந்த முதல் வாத்தியார் யார்? அம்மாவா, தாத்தாவா, மாமாவா?