'ஜேவாக்கர்': ஒரு வசைச்சொல்லின் வரலாறு

நகரத் தெருவைக் கடக்க நிற்பவர் இருவகையில் முடிவெடுக்கலாம். வரும் வண்டியின் தொலைவையும் வேகத்தையும் கண்ணால் அளந்து, இடைவெளி போதுமெனில் இறங்குவது ஒன்று. இது கடப்பதற்குரிய இடந்தானா, நேரந்தானா எனப் பார்த்து இறங்குவது மற்றொன்று. முதல் வகையிலிருந்து இரண்டாவதற்கு அமெரிக்க நகரங்கள் மாறியதில் ஒரு சொல்லுக்கும் பங்குண்டு. 'ஜேவாக்கர்' என்பதே அச்சொல்.

'ஜே' என்பது ஒரு பறவையின் பெயர். அமெரிக்கக் கொச்சை வழக்கில் அது நகர நடைமுறை அறியாத பட்டிக்காட்டானைக் குறித்தது. 1905ஆம் ஆண்டளவில் கான்சாஸ் நாளிதழ்களில் 'ஜே டிரைவர்' எனும் தொடர் காணப்படுகிறது. தெருவின் தவறான பக்கத்தில் வண்டி ஓட்டியவரை அது சாடிற்று. அதையொட்டிப் பிறந்த 'ஜேவாக்கர்' தொடக்கத்தில் தெருவைக் கடப்பவரைச் சுட்டவில்லை. நடைபாதையில் ஒழுங்கின்றி நடந்து பிறருக்கு இடையூறு செய்தவரையே சுட்டியது. பின்னரே அதன் பொருள் நடைபாதையினின்று தெருவுக்கு இறங்கியது. ஓட்டுநரைச் சாடிய சொல் வழக்கொழிய, நடப்பவரைச் சாடிய சொல் நிலைத்தது. இதைத் தற்செயல் எனக் கொள்வதற்கில்லை.

1920களின் தொடக்கத்தில் விபத்துச் சாவுகளுக்கு ஓட்டுநரே பொறுப்பு என்னும் கருத்து வலுவாக இருந்தது. 1923இல் சின்சினாட்டி நகரில், மோட்டார் வண்டிகள் மணிக்கு 25 மைலுக்கு மேல் ஓடாதவாறு கருவி பொருத்தவேண்டுமென 42,000க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். மோட்டார் வணிகத்தார் எதிர்த்துப் பரப்புரை செய்தனர். வாக்கெடுப்பில் அம்முயற்சி தோற்றது. 1925இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர விதி நடப்பவரைக் கட்டுப்படுத்தியது. 1928இல் வெளிவந்த மாதிரி நகர விதிகளும் அவ்வழியே சென்றன. தண்டத்தொகையைவிட ஏளனமே மிகுதியும் பயன்பட்டது எனலாம். நகரத்தில் வாழ்பவர் எவரும் பட்டிக்காட்டான் எனப் பெயரெடுக்க விரும்பார் அல்லவா? பீட்டர் நார்ட்டன் 2008இல் வெளியிட்ட நூல் இம்மாற்றத்தை விரிவாக ஆராய்கிறது.

பிரிட்டனில் இதற்கு இணையான பொதுக் குற்றம் இல்லை. 1951இல் சட்ட ஏற்புப் பெற்ற வரிக்குதிரைக் கோட்டில் கால் வைத்தவருக்கே முன்னுரிமை.

மொழிபெயர்ப்பாளருக்கு இடர் இங்குதான் எழுகிறது. 'விதி மீறிச் சாலையைக் கடப்பவர்' என்பது குற்றத்தைச் சொல்லும், ஏளனத்தைச் சொல்லாது. 'பட்டிக்காட்டான்' ஏளனத்தைத் தரும், தெருவைத் தராது. ஆயின் கலிபோர்னியாவின் சட்டப் பிரிவில் 'ஜேவாக்கிங்' எனும் சொல்லே இல்லை; அது காவலர் வாயிலும் நாளிதழிலும் வாழும் சொல். எனவே சட்டத்தைப் பெயர்ப்போர் முதல் தொடரையே ஆளலாம். செய்தியையும் புனைகதையையும் பெயர்ப்போர் மூலச்சொல்லை ஒலிபெயர்த்து ஒருமுறை விளக்குவதே பொருந்தும்.

2023 சனவரி 1 முதல் கலிபோர்னியாவில், மோதல் உடனடியாக நேரக்கூடும் என்பதைக் கவனமுள்ள ஒருவர் உணரத்தக்க நிலையிலன்றி, கடப்பவரைக் காவலர் தடுத்து நிறுத்த இயலாது. தொலைவையும் வேகத்தையும் அளக்கும் பழைய கண்ணுக்கு அச்சட்டம் மீண்டும் இடமளித்துள்ளது.