கால் அளவு வந்த கதை

மலருக்கு ஏதாவது ஒரு வரலாறு எழுதிக் கொடு என்று எங்கள் குழுத் தலைவி அக்கா கேட்டார். ராஜா ராணி கதையெல்லாம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது, எனக்குத் தெரிந்தது செருப்பும் ஷூவும்தான் என்றேன். அதையே எழுதும்மா என்றார். ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்தில் இருக்கும் நமக்கு அதுதானே பிழைப்பு. நம் உறுப்பினர்களில் எத்தனையோ பேர் காலையில் டிபன் பாக்ஸோடு கம்பெனி பஸ் ஏறிப் போகிறவர்கள். நானும் பத்தாவது முடித்து, கல்யாணம் ஆகும் வரை இரண்டு வருடம் அப்பர் தைத்தவள்தான். தைக்கிற ஒவ்வொரு ஜோடியிலும் 37, 38 என்று ஒரு நம்பர் இருக்கும். அந்த நம்பர் யாருடைய கால்? அது எப்படி வந்தது? என் மகளை போனில் தேடச் சொல்லியும், நூலகத்தில் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அளவு என்பதே முதலில் உடம்பில் இருந்து வந்ததுதான். பூ வாங்கினால் முழம். 12 விரல் ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம். மனை அளந்தால் அடி. அடி என்றாலே பாதம்தானே! இங்கிலாந்துக்காரர்கள் பார்லி தானியத்தை வைத்து அளந்தார்கள். மூன்று பார்லியை நீளவாக்கில் வைத்தால் ஒரு அங்குலம் என்பது அவர்கள் கணக்கு. செருப்பில் ஒரு நம்பர் கூடினால் ஒரு பார்லி நீளம் கூடுகிறது என்று அர்த்தம். இன்றைக்கு நாம் கடையில் 5 பத்தலை, 6 குடுங்க என்று கேட்கிறோமே, அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு பார்லிதான், சுமார் எட்டரை மில்லிமீட்டர். கம்பெனியில் வரும் 37, 38 வேறு கணக்கு. அது பிரான்சில் இருந்து வந்தது. அதில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு வித்தியாசம்.

இன்னொரு அதிசயம் கேளுங்கள். 200 வருடத்துக்கு முன்பு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிறைய ஷூக்களில் இடது வலது என்ற வித்தியாசமே கிடையாது. இரண்டும் ஒரே மாதிரிக் கட்டையில் தைத்தவை. போட்டுப் போட்டுக் கால்தான் அதைப் பழக்க வேண்டும். பிறகு 1920களில் அமெரிக்காவில் சைரகியூஸ் என்ற ஊரில் செருப்புக் கடைக்காரர் மகன் சார்லஸ் பிரானாக் என்பவர் ஒரு உலோக அளவுகோல் செய்தார். நீளம் மட்டும் போதாது, அகலமும் வேண்டும், குதிகாலில் இருந்து பெருவிரல் மூட்டு வரை உள்ள தூரமும் வேண்டும் என்று மூன்றையும் அதிலே வைத்தார். கால் அந்த மூட்டில்தான் மடங்குகிறது. செருப்பும் அதே இடத்தில் மடங்கினால்தான் நடை சுகமாக இருக்கும்.

நம் ஊரில் எப்படி? என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். தோலைத் தரையில் விரித்து அதன் மேல் காலை வைக்கச் சொல்லி, கரித்துண்டால் சுற்றி வரைந்து, அப்படியே வெட்டித் தைப்பார்களாம். அவரவர் காலுக்கு அவரவர் செருப்பு. ஆனால் இந்த வரலாற்றில் ஒரு கசப்பும் உண்டு. காலைத் தொட்டு அளவெடுத்த அந்தக் கைகாரரைத் திண்ணையில் உட்கார விடமாட்டார்கள். செருப்புத் தைத்த அவர்களே ஊர்த்தெரு வழியாகப் போகும்போது செருப்பைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. எத்தனையோ ஊர்களில் நடந்தது இது. அளவெடுத்துச் செருப்புத் தைக்கத் தெரிந்தவர்களுக்கே செருப்புப் போட உரிமை இல்லாமல் இருந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

அளவுச் செருப்பு உயிரையே காக்கும் என்று காட்டியதும் நம் பக்கத்து வேலூர்தான். 1946இல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு டாக்டர் பால் பிராண்ட் வந்தார். தொழுநோயில் விரல் தானாக அழுகி விழுகிறது என்று அதுவரை நம்பியிருந்தார்கள். அப்படி இல்லை, கால் மரத்துப் போவதால் முள் குத்தினாலும் செருப்பு கடித்தாலும் தெரியாமல் புண்ணாகிறது, அதன் மேலேயே நடப்பதால்தான் கால் போகிறது என்று அவர் கண்டுபிடித்துச் சொன்னார். வேலூரிலும் பக்கத்தில் கரிகிரியிலும் அந்தக் கால்களுக்கு ஏற்ற மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்புகளைச் செய்தார்கள். அதுதான் இன்று எம்சிஆர் செருப்பு. கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகளுக்கும் இப்போது டாக்டர்கள் அதைத்தான் சொல்கிறார்கள்.

எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. என் மாமியாருக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. போன வருடம் சுண்டுவிரல் ஓரத்தில் புண் வந்து ஒன்றரை மாதம் கட்டுப் போட்டோம். விரலை எடுக்க வேண்டி வருமோ என்று வீடே பயந்து கிடந்தது. புண் ஆறியதும், பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அளவெடுத்த செருப்புதான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நானே அத்தையின் காலை வரைந்தேன். இடது 231 மில்லிமீட்டர், வலது 236. நீளத்துக்கு 4ஆம் நம்பரே போதும். ஆனால் கால் அகலம். அந்த அகலத்துக்காக அவர் எப்போதும் 6ஆம் நம்பர்தான் வாங்குவார். நீளம் அதிகமானால் கால் முன்னால் வழுக்கும், வார் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது, உரசும். "இத்தினி வருசமா கடைக்காரன் நம்பரச் சொல்லுவான், நான் கால நுழைப்பேன். என் காலு எவ்ளோன்னு இன்னிக்குத்தான் தெரியுது" என்றார் அத்தை.

இது என் அத்தைக்கு மட்டும் உள்ளதல்ல. சென்னை அடையாறில் 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கால்களை அளந்தது. நம் நாட்டுக் கால்கள் அகலமானவை, வெளிநாட்டு நம்பர் நமக்குச் சரிப்படாது என்று தெரிந்தது. நமக்கென்று தனி அளவு முறை ஒன்றைத் தயாரித்து, பாரதம் என்பதை வைத்து ‘பா’ என்று பெயர் சூட்டினார்கள். வெளிநாட்டுக் கால்களுக்கு இத்தனை வருடம் தைத்துக் கொடுத்த நம் கால்களுக்கு இப்போதுதான் முறை வந்திருக்கிறது.

அளவுச் செருப்பு செய்யக் கொடுப்பவர்கள் வீட்டிலேயே இப்படி அளக்கலாம். சாயங்காலம் அளங்கள், நடந்து நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். தாளை சமதரையில் வைத்து, இரண்டு காலிலும் பாரம் இருக்கும்படி நேராக நில்லுங்கள். குனிந்து நாமே வரைந்தால் கால் நகரும், வேறு ஒருவர்தான் வரைய வேண்டும். பென்சில் செங்குத்தாக நிற்கட்டும், சாய்த்தால் அளவு மாறும். பெருவிரலை விட இரண்டாம் விரல் நீளமாக இருந்தால் அதுவரை அளங்கள். பெருவிரல் மூட்டையும் சுண்டுவிரல் மூட்டையும் சேர்த்து டெய்லர் டேப்பால் சுற்றி, இறுக்காமல் அளங்கள். பிறகு மேல்பாதத்தின் மேட்டையும் சுற்றி அளங்கள். விரல் இடுக்கில் வார் வரும் செருப்பு என்றால் அந்த இடத்தையும் புள்ளி வையுங்கள். இரண்டு காலையும் தனித்தனியே அளந்து, இடது வலது என்று எழுதுங்கள். ஆணி, பழைய புண் இருந்தால் அதையும் குறித்துக் கொடுங்கள்.

வரைந்ததைக் கத்தரித்து இப்போது போடும் செருப்பின் மேல் வைத்துப் பாருங்கள். தாள் வெளியே நீட்டினால் அந்தச் செருப்பு உங்களுக்கு இல்லை. கால் மரத்துப் போனவர்களுக்கு இது ரொம்ப முக்கியம், கடிக்கிறதா இல்லையா என்று அவர்கள் காலே சொல்லாது.

நம் எல்லாக் குழுவிலும் சர்க்கரை உள்ள அம்மாக்கள் இருக்கிறார்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது வரவு செலவு நோட்டோடு ஒரு பென்சிலும், பழைய காலண்டர் தாளும், டேப்பும் கொண்டு வாருங்கள். சேமிப்புப் பணம் எண்ணி முடித்ததும் ஒருவருக்கொருவர் கால் அளவு எடுத்துக்கொள்வோம்.