.450 வேட்டைத் தோட்டாக்கள்: ஒரே விட்டம், வெவ்வேறு வலிமை

.450 என்பது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியப் பேரரசில் படையினரும் வேட்டைக்காரர்களும் பயன்படுத்திய ரைபிள்களின் ஓர் அளவு ஆகும். குழலின் உட்துளை விட்டம் 0.450 அங்குலம், அதாவது ஏறத்தாழ 11.4 மி.மீ. என்பதை இவ்வெண் குறிக்கும். உறை, வெடிமருந்து, குண்டு ஆகியவை சேர்ந்ததே தோட்டா. இவற்றுள் குண்டின் பருமனை மட்டுமே இவ்வெண் சொல்லும். அதன் எடையையோ வேகத்தையோ சொல்லாது. ஆகவே, ஒரே எண்ணைத் தாங்கிய தோட்டாக்கள் வலிமையில் பெரிதும் வேறுபட்டன.

மூன்று தோட்டாக்கள்

முதலாவது, 1871-இல் பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்ட மார்ட்டினி-ஹென்றி ரைபிளின் தோட்டா. புட்டி போலக் கழுத்து குறுகிய அதன் உறையில் 85 கிரெயின் (5.5 கிராம்) கருமருந்து இருந்தது. 480 கிரெயின் (31 கிராம்) எடையுள்ள ஈயக் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 410 மீட்டர் வேகத்தில் பாய்ந்தது.

இரண்டாவது, 'எக்ஸ்பிரஸ்' எனப்பட்ட வேட்டைத் தோட்டா. 3¼ அங்குல நீளமுள்ள நேரான உறையில் கருமருந்தும் எடை குறைந்த ஈயக் குண்டும் இருந்தன. வேகம் கூடியதால் மான் முதலிய விலங்குகளுக்கு இது ஏற்றது. ஆனால், எடை குறைந்த மென்மையான ஈயம் யானையின் கனத்த எலும்பில் பட்டால் நசுங்கிவிடும். எனவே யானை வேட்டைக்குப் பெருங்குழல் துப்பாக்கிகளையே நம்பினர். அவற்றுள் '4 போர்' எனப்பட்டது கால் பவுண்டு (113 கிராம்) எடையுள்ள ஈய உருண்டை நுழையும் அளவு குழலைக் கொண்டது.

மூன்றாவது, 1898-இல் ஜான் ரிக்பி நிறுவனம் வெளியிட்ட '.450 நைட்ரோ எக்ஸ்பிரஸ்'. அதே 3¼ அங்குல உறையில் கருமருந்துக்குப் பதிலாகக் கார்டைட் என்னும் புகையற்ற வெடிமருந்து இடப்பட்டது. 480 கிரெயின் எடையுள்ள குண்டு நொடிக்கு ஏறத்தாழ 655 மீட்டர் வேகம் பெற்றது.

ஒப்பீடு

முதல் தோட்டாவிலும் மூன்றாவதிலும் குண்டின் விட்டமும் எடையும் ஏறத்தாழ ஒன்றே. வேகம் மட்டும் 1.6 மடங்கு ஆயிற்று. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே ஆற்றல் இரண்டரை மடங்கு உயர்ந்தது. கடினமான உலோக மேலுறை இடப்பட்ட குண்டு, நசுங்காமல் யானையின் மண்டையோட்டைத் துளைத்து மூளையை எட்டியது. எட்டாத குண்டு விலங்கை நெடுநேரம் துடிக்கவிடும். காயமுற்ற விலங்கு எதிர்ப்பட்டவர்மீது பாயும். ஆகவே இவ்வேறுபாடு உயிர் தொடர்பானது.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் வேறோர் ஆபத்து இருந்தது. உறையின் அளவு ஒன்றே என்பதால் கார்டைட் தோட்டா பழைய கருமருந்துத் துப்பாக்கியிலும் நுழையும். அந்தத் துப்பாக்கி இவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும்படி செய்யப்பட்டதன்று. சுடுபவர் கையிலேயே வெடித்துவிடக்கூடும்.

தடையும் விளைவும்

மார்ட்டினி-ஹென்றி ரைபிள்கள் படைக்கு வெளியேயும் பரவியிருந்தன. வேட்டைத் தோட்டாவின் குண்டுகளைக் கழற்றி அவற்றில் பயன்படுத்தி, அரசை எதிர்ப்போர் போரிடக்கூடும் என்ற அச்சம் எழுந்தது. 1907-ஐ ஒட்டி இந்தியாவிலும் சூடானிலும் .450 வேட்டைத் தோட்டாக்களுக்குத் தடை வந்ததற்கு இதுவே காரணமாகக் கூறப்படுகிறது.

உடனே துப்பாக்கி நிறுவனங்கள் .465, .470, .475 எனச் சற்றே பெரிய அளவுகளுக்கு மாறின. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்தின் .465 தோட்டாவிலும் அதே 480 கிரெயின் குண்டு, அதே வேகம். பெயரளவில் கூடியது 0.015 அங்குலம் மட்டுமே. புதிய குண்டு படைத்துப்பாக்கியில் நுழையாது. அரசுக்கு அது போதும். வேட்டைக்காரருக்கோ வலிமையில் குறைவில்லை.

சுதந்திர இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், தோட்டாவின் அளவைப் பாராமல் விலங்குகளையே காக்க முற்பட்டது.