போலிய மொழியும் கிரேக்க மொழியும்: ஓர் ஒப்பீட்டு வரலாறு

போலியமும் கிரேக்கமும் இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆயினும் நெருங்கிய உறவுடையவை அல்ல. போலியம் ஸ்லாவியக் கிளையின் மேற்குப் பிரிவுக்குரியது; செக், ஸ்லோவாக் ஆகியவை அதன் உடன்பிறப்புகள். கிரேக்கமோ உடன்பிறப்பு இன்றித் தனிக்கிளையாக நிற்கிறது. இன்று போலியத்தைச் சுமார் 4 கோடிப் பேரும் கிரேக்கத்தைச் சுமார் 1.3 கோடிப் பேரும் பேசுகின்றனர். இவ்விரண்டையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் வேற்றுமை உருபுகளோடு நின்றுவிடுகின்றனர். இம்மொழிகளைப் பேசிய மக்கள் தம் மொழிக்காகப் பட்ட பாட்டைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஒப்பீடு முழுமை பெறும்.

எழுத்துச் சான்றின் தொன்மையில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. கிரீட் தீவிலும் பைலோசிலும் கிடைத்த களிமண் பலகைகளில் இருப்பது கிரேக்கமே என்பதை 1952இல் மைக்கேல் வெண்ட்ரிஸ் கண்டறிந்தார். அவை 3,200 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. ஆடு, கம்பளி, எண்ணெய் ஆகியவற்றின் அரண்மனைக் கணக்குகள். அந்த எழுத்துமுறை பின்னர் அழிந்தது. கி.மு. 8ஆம் நூற்றாண்டளவில் கிரேக்கர் பினீசிய எழுத்துகளை வாங்கி, அவற்றுள் சிலவற்றை உயிரொலிகளுக்கு ஒதுக்கிப் புதிய நெடுங்கணக்கை அமைத்தனர்.

போலியம் ஏடேறியது மிகப் பிற்காலத்தில். 966இல் போலந்தின் ஆட்சியாளர் முதலாம் மியெஷ்கோ ஞானஸ்நானம் பெற்றார். அதோடு லத்தீனும் லத்தீன் எழுத்தும் நாட்டுக்குள் வந்தன. 1136இன் போப்பாண்டவர் ஆணை ஒன்றில் ஏறத்தாழ 400 போலிய ஊர்ப்பெயர்களும் ஆட்பெயர்களும் உள்ளன. முழு வாக்கியம் முதன்முதலில் தென்படுவது சுமார் 1270இல், சிலேசியாவின் ஹென்ரிகுவ் மடத்து லத்தீன் நூலில். மாவரைத்துக் களைத்த மனைவியிடம், தான் அரைப்பதாகவும் அவள் இளைப்பாறட்டும் என்றும் கணவன் சொல்லும் வாக்கியம் அது. ஒரு மொழியின் எழுத்து வரலாறு இவ்வளவு கனிவான பேச்சோடு தொடங்குவது அரிது.

ஸ்லாவிய மொழிகளுக்கு எழுத்து வகுத்துத் தந்தவர்கள் கிரேக்க நகரமான தெசலோனிக்கியிலிருந்து 863இல் மொராவியா சென்ற சிரில், மெத்தோடியஸ் சகோதரர்கள். போலந்து ரோமத் திருச்சபையின் பக்கம் சேர்ந்ததால் அந்த வழிவந்த எழுத்து அங்கு நிலைபெறவில்லை. கிரேக்கச் சொற்கள் மட்டும் லத்தீன், செக் வழியாகச் சுற்றி வந்து சேர்ந்தன. வானதூதரைக் குறிக்கும் ‘அனியொவ்’, ஆயரைக் குறிக்கும் ‘பிஸ்குப்’ ஆகியவை கிரேக்க வேரின. லத்தீன் எழுத்துகள் போலிய ஒலிகளுக்குப் போதவில்லை. சுமார் 1440இல் யாக்குப் பார்கோஷ் என்னும் அறிஞர் போலிய எழுத்திலக்கணம் ஒன்றை எழுதி இந்தக் குறையைத் தீர்க்க முயன்றார். இன்றைய போலிய நெடுங்கணக்கில் 32 எழுத்துகள்; அவற்றுள் 9 குறியிட்டவை. கிரேக்கத்தில் 24.

இலக்கணத்தில் போலியம் பழமையைப் பெரிதும் காத்துள்ளது. அதற்கு ஏழு வேற்றுமைகள் உண்டு. இக்காலக் கிரேக்கத்தில் நான்கே எஞ்சியுள்ளன. பழைய கொடை வேற்றுமையும் வினையெச்சமும் பேச்சிலிருந்து மறைந்தன. பெயருக்கு முன் வரும் சார்படை கிரேக்கத்தில் உண்டு, போலியத்தில் இல்லை. விளிவேற்றுமையும் மூன்று பால்களும், செயல் முற்றியதா தொடர்கிறதா என்பதை வினைவடிவிலேயே காட்டும் முறையும் இரண்டிலும் உள்ளன. போலியச் சொற்களில் அழுத்தம் பொதுவாக ஈற்றயல் அசையில் விழும். கிரேக்கத்தில் கடைசி மூன்று அசைகளில் எதிலும் விழலாம். ‘மத்தெமாத்திகா’ (கணிதம்) போன்ற கிரேக்க வழிச் சொற்களில் போலியர் ஈற்றிலிருந்து மூன்றாம் அசையை அழுத்துவதே செம்மை வழக்கு. கடன் வந்த சொல் தன் ஓசையையும் கொண்டுவந்திருக்கிறது.

மறைந்த ஒலிகளை இரு மொழிகளும் எழுத்தில் வைத்துக் காக்கின்றன. கிரேக்கத்தில் ‘இ’ என்னும் ஒரே ஒலிக்கு ஐந்துக்கும் மேற்பட்ட எழுத்து வடிவங்கள் உள்ளன. போலியத்தில் ‘கடல்’, ‘ஒருவேளை’ எனப் பொருள்படும் இரு சொற்கள் காதுக்கு ஒன்றுதான்; எழுதும்போது வேறு.

19ஆம் நூற்றாண்டில் இரு மொழிகளும் நேர் எதிரான இடர்களில் சிக்கின. 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளின் பிரிவினைகளால் போலந்து என்னும் அரசே இல்லாமற்போனது. சாமுவேல் லிண்டே 1807 முதல் 1814 வரை ஆறு தொகுதி அகராதியை வெளியிட்டது அந்த இருளில்தான். கிரேக்கருக்கோ விடுதலைக்குப் பின் அரசு இருந்தது. எது தம் மொழி என்பதில்தான் பூசல். பழமையை நோக்கித் திருத்திய ‘கதரெவூசா’ ஆட்சியில் இருந்தது. மக்கள் பேசிய ‘திமோதிகி’ தாழ்வாக எண்ணப்பட்டது.

1901 இரு மொழிகளின் வரலாற்றிலும் மறக்கக் கூடாத ஆண்டு. பிரஷ்ய ஆட்சியிலிருந்த விஷெஷ்னியா என்னும் சிறு நகரில், சமயப் பாடத்தை ஜெர்மன் மொழியில் படிக்க மறுத்த போலியச் சிறுவர்கள் பிரம்படி பட்டனர். எதிர்த்துக் குரல் கொடுத்த பெற்றோர் சிறை சென்றனர். அதே ஆண்டு நவம்பரில் ஏதென்சில், நற்செய்தி நூல்களை அலெக்சாந்த்ரோஸ் பாலிஸ் பேச்சுமொழியில் பெயர்த்து ‘அக்ரோபோலிஸ்’ நாளிதழில் வெளியிட்டதை எதிர்த்து மாணவர்கள் கிளர்ந்தெழுந்தனர். 8 பேர் உயிரிழந்தனர், அரசு கவிழ்ந்தது. ஓரிடத்தில் தாய்மொழியில் வேண்ட உரிமை கேட்டவர்களுக்கு அடி. மற்றோரிடத்தில் தாய்மொழியில் வேதம் வந்ததற்காகக் குருதி. மொழியின் பெருமையைக் காப்பதாக எண்ணிய ஏதென்ஸ் மாணவர்களைவிட அந்தச் சிறுவர்களே மொழியை உள்ளபடி அறிந்திருந்தனர்.

போலந்து 1918இல் மீண்டும் அரசானது; 1936இல் எழுத்து விதிகள் சீராக்கப்பட்டன. கிரேக்கத்தில் இராணுவ ஆட்சி 1974இல் வீழ்ந்த பிறகு, 1976இல் மக்கள் மொழி ஆட்சிமொழியாயிற்று. 1982இல் பழைய அழுத்தக் குறிகள் நீங்கி ஒரே குறி நிலைத்தது.

இரு மொழிகளும் பெருமளவில் நேருக்கு நேர் சந்தித்தது 1949இல் கிரேக்க உள்நாட்டுப் போர் முடிந்த காலத்தில். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அகதிகளைப் போலந்து ஏற்றது. பலர் எல்லை நகரான ஸ்கோசெலெட்சிலும் சுற்றுப்புறத்திலும் தங்கவைக்கப்பட்டனர். அவர்களுள் ஸ்லாவிய மொழியான மாசிடோனியம் பேசியவர்களும் இருந்தனர். போலியம் அவர்களுக்கு எளிதாயிற்று. குழந்தைகள் இரு மொழிகளிலும் படித்தனர். 1974க்குப் பின் பலர் தாயகம் திரும்பினர்; தங்கிவிட்டவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் போலந்தில் வாழ்கின்றனர்.