நெல் வயல் மீத்தேன்: அமெரிக்கக் கணக்கை அளந்து திருத்திய ஏ.பி.மித்ரா... செஞ்சி விவசாயிக்கு என்ன சம்பந்தம்?

செஞ்சி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் கோட்டை ஞாபகம் வரும். சுற்றுவட்டார விவசாயிகளுக்கோ நெல் மூட்டைகள் குவியும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம்தான். அந்த நெல் விளையும் வயல்கள் மேல் 1990 வாக்கில் ஒரு பெரிய புகார் விழுந்தது.

இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு 3.78 கோடி டன் மீத்தேனை வெளியிடுவதாக அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்கு போட்டது. இங்கே வந்து அளந்தார்களா? இல்லை. வெளிநாட்டு வயல்களில் கிடைத்த அளவை இந்திய நெல் பரப்புக்குப் பொருத்திய கணக்கு அது.

யார் இந்த மித்ரா?

1927-ல் கொல்கத்தாவில் பிறந்தவர். அடிப்படையில் வானொலி அலைகளைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலத்தை ஆராய்ந்தவர். டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் இயக்குநர், பிறகு 1986 முதல் 1991 வரை சிஎஸ்ஐஆர் தலைமை இயக்குநர். அறுபது வயதைத் தாண்டிய பிறகுதான் வானத்தை விட்டு சேற்றில் இறங்கினார்!

1991-ல் அவர் தலைமையில் நாட்டின் பல பகுதிகளில் நேரடி அளவீடு நடந்தது. முறை ரொம்ப எளிமை. நாற்றுகள் மேல் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே சேரும் காற்றை சிரிஞ்சில் உறிஞ்சி, ஆய்வகத்தில் சோதிப்பது. வந்த விடை ஆண்டுக்கு சுமார் 40 லட்சம் டன். அதாவது, சொல்லப்பட்டதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு.

ஏன் இவ்வளவு வித்தியாசம்?

தண்ணீர் தேங்கிய மண்ணில் ஆக்ஸிஜன் இருக்காது. அங்கே வாழும் நுண்ணுயிரிகள்தான் மீத்தேனை உருவாக்குகின்றன. நெல் தண்டு வழியாகவே, உறிஞ்சுகுழல் மாதிரி, அது மேலே வருகிறது. ஆனால் இந்தியாவில் பெரும் பரப்பு மழையை நம்பியது, நடுவில் காய்ந்துவிடும். காய்ந்தால் மீத்தேன் குறையும்.

அதற்காகப் பிரச்னை இல்லை என்று அர்த்தமில்லை. 20 ஆண்டு கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட சுமார் 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும்.

குறைக்க வழி?

நம்ம ஊர் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' முறைதான். துளை போட்ட பிளாஸ்டிக் பைப்பை வயலில் புதைத்து, தண்ணீர் மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு பாய்ச்ச வேண்டும். பூக்கும் நேரத்தில் மட்டும் காயவிடக் கூடாது. மீத்தேன் 30 சதவீதம் அல்லது அதற்கு மேலும் குறையும்.

கிணற்றுப் பாசனத்தில் இது சுலபம். ஏரிப் பாசனத்தில் மதகு ஒரு தனி விவசாயி கையில் இல்லையே! காயவிட்டால் களை வேறு கூடும், கூலி செலவாகும். பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம் என்பதால், தண்ணீரை மிச்சப்படுத்தினாலும் விவசாயி பையில் காசு மிஞ்சாது.